ஆண்டர்சன்பேட்டைக்கு ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு பயணம்

வண்டி வைத்திருப்போர் இரு வகையினர். வண்டியைத் தாம் ஆள்வோர் ஒரு வகை. வண்டியால் ஆளப்படுவோர் மற்றொரு வகை. சென்ற மார்கழித் திங்கள் வரையில் நாங்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தே இருந்தோம் என்பதை நேயர்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. எங்களை முதல் வகைக்கு மாற்றியது ஆண்டர்சன்பேட்டையில் நாங்கள் கழித்த இரண்டு நாட்களாகும். அப்பயணத்தை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்களிடம் இருப்பது ‘சான் ஸ்டார்ம்’ என்னும் சிறு கார். இருவர் மட்டுமே அமரலாம், மேற்கூரையைத் திறந்துகொள்ளலாம். ரெயில் எஞ்சின்கள் செய்த ஒரு பெங்களூர் நிறுவனத்தின் கிளையினர் கோவாவில் இதனை உருவாக்கினர். உடல் ஃபைபர் இழையால் ஆனது. உள்ளிருப்பது 1149 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ரெனோ எஞ்சின். மேல்நாட்டுச் செல்வர்களின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முன் இஃது ஒரு குருவியே. எனினும் தரையை ஒட்டிய இருக்கையில் அமர்ந்து, கூரையைத் திறந்து, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு செல்லும்போது குருவிக்கும் கருடனுக்கும் வேற்றுமை தெரிவதில்லை.

இக்காரை நாங்கள் வாங்கிய நாள்தொட்டு எங்கள் இல்லத்தில் இரண்டு கட்சிகள் தோன்றின. கணவன் மனைவியாகிய எங்களுள் ஒருவர் மிதவாதக் கட்சி. மற்றவர் விரைவுக் கட்சி. யார் எக்கட்சி என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. மிதவாதக் கட்சியின் வாதம் இது: எஞ்சினை விரட்டினால் தேயும், ஆகவே ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்து, இயன்ற அளவு விரைவில் மேல் கியருக்குச் சென்றுவிட வேண்டும். விரைவுக் கட்சி இதனை மறுத்தது. ஓடுவதற்கென்றே பிறந்த எஞ்சினை அடக்கி வைப்பது குதிரைக்குக் காலைக் கட்டித் தீனி போடுவது போன்றதாம். அதற்குச் சான்றாகக் கோயம்புத்தூர்க் கரிவர்தனை அழைத்தது. 1988ஆம் ஆண்டில் அவர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியபோது அவற்றினுள் வைத்தது எந்த எஞ்சின்? நம் இல்லத்தரசிகள் காய்கறி வாங்கச் சென்றுவந்த மாருதி 800 காரின் எஞ்சினே அல்லவா? அந்தச் சிறு எஞ்சின் பந்தயக் களத்தையே தாங்கிற்று என்றால், எங்கள் கார் ஒரு நெடுஞ்சாலையைத் தாங்காதா? இதுவே அக்கட்சியின் கேள்வி.

வாதம் முடியவில்லை. கார்தான் முடிந்துவிடும் போலாயிற்று. வேலைக்கு நான்கு கிலோமீட்டர் போகவும் நான்கு கிலோமீட்டர் வரவும் மட்டும் அதனைப் பயன்படுத்தினோம். மழைக்காலத்தில் அதுவும் இன்றிக் கொட்டகையில் நிறுத்திவிட்டோம். மூன்று திங்கள் கழித்துத் திறந்தபோது பேட்டரி உயிரற்றுக் கிடந்தது. பிரேக்குகள் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெயை இறக்கிய மெக்கானிக், அதில் ஈரம் கலந்திருப்பதைக் காட்டினார். செலவுப் பட்டியலைக் கண்ட மிதவாதக் கட்சி, “விற்றுவிடுவோம்” என்றது. விரைவுக் கட்சி, “ஒரே ஒரு முறை ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்வந்து பிறகு முடிவு செய்வோம்” என்று தவணை கேட்டது. பெரியப்பாவைப் பார்த்தும் ஓராண்டாகியிருந்தது. ஆகவே புறப்பட்டோம்.

பெங்களூர் சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஒசகோட்டை அருகிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர், 2024ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கென வகுக்கப்பட்ட சாலை அது. முன்னெல்லாம் கோலார் வழியாகவும் பங்காருப்பேட்டை வழியாகவும் ஊர் ஊராய் நின்று சென்ற பயணம், இப்போது ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. இரு மருங்கிலும் கேழ்வரகுத் தாள்களும் மாந்தோப்புகளும் பாறைக் குன்றுகளும் பின்னோக்கி ஓடின.

பேத்தமங்கலம் அருகே இறங்கியபோது பாலாற்றின் ஏரி தென்பட்டது. தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது இந்த ஏரியே. நந்தி மலைப்பக்கம் தோன்றும் பாலாறு இவ்வழியே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் நோக்கிச் செல்கிறது. அந்த வடார்க்காட்டு மண்ணிலிருந்துதான் நம் முன்னோருட் பலர் பிழைப்புத் தேடித் தங்கவயலுக்கு வந்தனர். நீர் மேலிருந்து கீழே போயிற்று. மக்கள் கீழிருந்து மேலே வந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் போகாதிருந்ததுண்டு. மக்கள் வருவது மட்டும் நிற்கவில்லை.

அவர்கள் எதற்காக வந்தனர் என்பதை நம் இளைய தலைமுறைக்கு மீண்டும் நினைவூட்டுவது தவறாகாது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே பொறுப்பேற்றபின் சுரங்கத் தொழில் வேரூன்றியது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்விசை இங்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905ஆம் ஆண்டில்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றது. இவ்வயலிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் 800 டன் என்பர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூர் மக்களுள் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரெயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். புலம்பெயர்ந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் ஒரு முறை புலம்பெயர்கின்றனர்.

ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் பக்கத்தே அமைந்த பேட்டை. குறுகிய தெருக்கள், தமிழில் எழுதிய கடைப் பலகைகள், பூக்கடை, இறைச்சிக்கடை, தேநீர்க்கடை, தேவாலய மணியோசையும் அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றோடொன்று கலந்து வரும் காற்று. கூரை திறந்த சிவப்புக் கார் அத்தெருவில் நுழைந்ததும் சிறுவர் கூட்டம் ஒன்று பின்னால் ஓடிவந்தது. எங்கள் மனமும் சற்றே உப்பிற்று. அதன் விலையை மறுநாளே செலுத்த நேர்ந்தது.

பெரியப்பா எண்பதைக் கடந்தவர். சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டுநராய் நெடுங்காலம் பணியாற்றியவர். தொழிலாளரையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டு எஃகுக் கயிற்றில் தொங்கும். அக்கயிற்றைப் பேருருளையில் சுற்றியும் அவிழ்த்தும் கூண்டை இயக்குவது வைண்டிங் எஞ்சின். ஓட்டுநர் மேலே தனியறையில் அமர்ந்திருப்பார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. எதிரே ஆழத்தைக் காட்டும் முள் ஒன்று. காதில் விழும் மணியோசை ஒன்று. இவை இரண்டையும் நம்பியே கைப்பிடியைத் தள்ளவும் இழுக்கவும் வேண்டும்.

மறுநாட் காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுள் விரைவுக் கட்சியினர் காரைக் கிளப்பிய மறுகணமே ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டனர். பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

“இராமுழுக்கத் தூங்கின எஞ்சின் அல்லவா? எழுந்தவுடன் ஓடச் சொன்னால் நீங்கள் ஓடுவீர்களா?” என்று வினவினார்.

அவர் சொன்னதாவது: சுரங்கத்தில் கூண்டு சில மணி நேரம் ஓடாமல் நின்றிருந்தாலோ, பழுதுபார்க்கப்பட்டிருந்தாலோ, உடனே ஆளை ஏற்றமாட்டார்கள். முதலில் வெறுங்கூண்டை அடிவரை இறக்கி மேலே ஏற்றிப் பார்ப்பார்கள். கயிறு, பிரேக், வழித்தடம் எல்லாம் சரியென்று தெரிந்த பின்னரே ஆள் ஏறலாம். “அந்த வெறும் ஓட்டத்துக்கு ஆகும் நேரத்தை யாரும் வீண் என்று சொன்னதில்லை” என்றார்.

காருக்கும் இது முற்றிலும் பொருந்தும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாயிருக்கும். நுண்ணிய இடைவெளிகளுள் எளிதில் பாயாது. எஞ்சினின் பல்வேறு உலோகங்கள் வெப்பத்தால் விரிந்து தத்தம் அளவுக்கு வருவதற்கும் நேரம் வேண்டும். வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று பலர் மயங்குகின்றனர். அது காட்டுவது நீரின் வெப்பத்தை. எண்ணெய் சூடேற அதற்கு மேலும் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை நின்ற இடத்தில் நின்று உறுமுவதும் தவறு, பாய்வதும் தவறு. கிளம்பியதும் மெல்ல ஓட்டிக்கொண்டே சூடேற்றுவதுதான் முறை. எங்கள் சிறு எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டாமல் முதல் பத்துக் கிலோமீட்டரைக் கழிப்பது என்று அன்று முடிவு செய்தோம்.

மிதவாதக் கட்சி மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெரியப்பாவைப் பக்கத்தில் அமர்த்தி மேட்டுத் தெருவில் ஏறும்போது, அக்கட்சியின் வழக்கப்படி நான்காம் கியரிலேயே கார் ஏற்றப்பட்டது. எஞ்சின் முனகிற்று, கார் நடுங்கிற்று. பெரியப்பா கியர்க் கம்பியைச் சுட்டி, “சுமையை முதுகில் ஏற்றிவிட்டு மூச்சை அடைக்கிறீர்களே” என்றார். உண்மைதான். குறைந்த சுற்றில் எஞ்சினை வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஆழ மிதிப்பது மென்மையன்று, கொடுமை. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் பேரிங்குகள் மீது சம்மட்டியாய் இறங்குகிறது. ஒரு கியர் கீழே இறக்கினால் எஞ்சின் சற்று விரைந்து சுழன்று சுமையை இலகுவாய்த் தூக்கும். ஓசை கூடுவதால் துன்பமும் கூடுகிறது என்று எண்ணியிருந்தது எங்கள் அறியாமை.

இவ்வாறு இரு கட்சிகளும் ஆளுக்கொரு குட்டு வாங்கிய பின்னர் நிகழ்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பேட்டைத் தெருவுக்குத் திரும்பியபோது எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. சிறுவர்கள் வழிமறித்து, “அண்ணா, ஒரு தடவை முறுக்குங்க!” என்று கூவினர். தெரு நூறு அடி தூரம் காலியாய்க் கிடந்தது. ஆக்சிலரேட்டர் தரையைத் தொட்டது. ஓசை சுவர்களில் மோதி எழுந்தது, சிறுவர்கள் ஆரவாரித்தனர். நின்றிருந்த ஆட்டோவின் பின்னாலிருந்து, கையில் பால் பாக்கெட்டுடன் ஒரு சிறுமி வெளியே வந்தாள்.

பிரேக் பிடித்தது. கார் நின்றது. அவள் பாவாடைக்கும் காரின் முகப்புக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தது. பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது. வேறு ஒன்றும் உடையவில்லை. குழந்தை அழவும் இல்லை. பாலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா இறங்கிச் சென்று அவள் தலையைத் தடவி, கடையில் வேறு பால் வாங்கிக் கொடுத்து, கைப்பிடித்து அவள் வீட்டில் விட்டுவந்தார். வீடு திரும்பும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அப்போது சக்கரத்தைப் பிடித்திருந்தவர் யார் என்று நேயர்கள் கேட்கலாம். எங்களுள் ஒருவர் காரில் இருந்தார்; மற்றவர் அடுப்பங்கரையில் பெரியம்மாவுடன் இருந்தார். எனினும் அந்த ஒரு முழத்தை நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டோம்.

உணவு முடிந்தபின் பெரியப்பா பேசினார்.

“சுரங்கத்தில் மணிக்குக் கணக்கு உண்டு. ஓடும்போது ஒரு தட்டு என்றால் நிறுத்து. நிற்கும்போது இரண்டு தட்டு என்றால் இறக்கு. மூன்று தட்டு என்றால் ஆள் ஏறப்போகிறான் என்று பொருள். மூன்று தட்டுக் கேட்டுவிட்டால் என் கை வேறு கையாகிவிடும். எஞ்சின் அதேதான், கயிறும் அதேதான். கல்லை ஏற்றும்போது ஒரு வேகம். ஆளை ஏற்றும்போது அதைவிடக் குறைந்த வேகம். எஞ்சினால் எவ்வளவு முடியும் என்பது கேள்வியே இல்லை. கூண்டில் யார் என்பதுதான் கேள்வி. தெருவில் யாரும் மணி அடிக்கமாட்டார்கள், அம்மா. தெரு என்றாலே மூன்று தட்டு என்று நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.”

இரு கட்சிகளும் இத்தனை நாள் எஞ்சினைப் பற்றியே வாதிட்டு வந்தன. எஞ்சினுக்கு வெளியே இருப்பவரை இரண்டுமே எண்ணவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடக்கிறது; 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 17 மீட்டர். கண் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி ஆகிவிடும். அதன்பின் நிற்பதற்கு வேண்டிய தூரமோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும். ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்கும் டயரும் எத்துணைச் சிறந்தவையாயினும் அந்த முதல் நொடியை அவற்றால் மீட்டுத்தர இயலாது.

மாலையில் பெரியப்பா எங்களைச் சயனைடு மேடுகளின் பக்கம் அழைத்துச் சென்றார். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அரைகல் தூள், சாம்பல் நிறக் குன்றுகளாய் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. காற்றடித்தால் அதன் தூசு ஊருக்குள் புகும். தொலைவில் சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரம் ஒன்று அந்தி வெயிலில் கறுத்து நின்றது.

அதைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “நூறு வருஷம் இரவும் பகலும் வேலை செய்த எஞ்சின்கள் தம்பி இவையெல்லாம். வேலை இவற்றைக் கொல்லவில்லை. பம்புகளை நிறுத்தினார்கள், தண்ணீர் ஏறிவிட்டது. ஓட்டத்தை நிறுத்தினார்கள், துரு ஏறிவிட்டது. ஓடினபோது தேய்ந்ததைவிட, நின்றபோது கெட்டதுதான் அதிகம்.”

அவர் எஞ்சினை மட்டும் சொல்லவில்லை என்பதை நாங்கள் உணர்ந்தோம். சுரங்கம் மூடப்பட்டபின் ஓய்ந்துபோன மனிதர் பலரை அவர் அறிவார். எங்களோடு பெங்களூர் வந்துவிடும்படி அன்றும் அழைத்தோம்; வழக்கம்போல மறுத்துவிட்டார். நாள்தோறும் காலையில் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவர் இருந்தாக வேண்டுமாம்.

ஊர் திரும்பும்போது, இரு கட்சிகளும் கலைக்கப்பட்டு ஒரு கூட்டாட்சி ஏற்பட்டது. பேத்தமங்கலம் வரையில் மெல்ல வந்தோம், எண்ணெய் சூடேறிற்று. விரைவுச் சாலையில் முன்னும் பின்னும் தெளிவாயிருந்த இடத்தில், மூன்றாம் கியரில் எஞ்சினை அதன் சிவப்புக் கோட்டின் அருகே வரை ஒருமுறை முழுமூச்சாய் ஓடவிட்டு, அடுத்த கியருக்கு மாறினோம். சாலையின் வேக வரம்பைத் தாண்டவில்லை. நலமுள்ள, சூடேறிய எஞ்சினுக்கு இஃது ஊறன்று. குறுந்தூர ஓட்டங்களால் எண்ணெயில் சேரும் ஈரம், இவ்வாறு நீண்ட தூரம் ஓடினால்தான் ஆவியாகி நீங்கும். உள்ளே படியும் கரியும் ஓரளவு குறையும். ஆனால் அதையே எப்போதும் செய்தலும் ஆகாது. சுற்று 3000இலிருந்து 6000 ஆனால், மேலும் கீழும் பாயும் பிஸ்டன்கள் தரும் விசை நான்கு மடங்காகிறது. மேலும், மிகுதியாய் மிதிப்பதால் வரும் அதிவேகச் சுழற்சியைத் தடுக்கும் கருவி இக்காலக் கார்களில் உண்டு. தவறான கீழ்க் கியரைப் போடுவதால் வருவதை அதனால் தடுக்க இயலாது.

வீடு வந்ததும், “விற்பதா வேண்டாமா?” என்ற கேள்வி எழவே இல்லை. வாரம் ஒரு முறையேனும் நகருக்கு வெளியே ஒரு மணி நேரம் ஓட்டுவது என்றும், நான்கு கிலோமீட்டர் வேலைக்குப் பஸ்ஸில் செல்வது என்றும் தீர்மானம் நிறைவேறிற்று.

நம் குடும்பங்களிலும் இளைஞர்கள் நன்றாகச் சம்பாதித்து விரைவுக் கார்கள் வாங்கத் தலைப்பட்டுள்ளனர். மகிழ்ச்சியே. பாட்டன் கூண்டில் இறங்கிய ஊருக்குப் பேரன் ஸ்போர்ட்ஸ் காரில் வருவது நமக்குப் பெருமையன்றோ? அவர்கள் எங்களிடம், “அன்றாடம் இதனை எவ்வளவு விரட்டலாம்?” என்று கேட்பார்களாயின், பெரியப்பாவின் கணக்கையே விடையாய்ச் சொல்வோம். தூங்கி எழுந்த எஞ்சினுக்கு வெறுங்கூண்டு ஓட்டம்; சூடேறிய எஞ்சினுக்கு, வெளி கிடைத்த இடத்தில், நல்ல ஓட்டம்; நெடுநாள் ஓய்வு ஒருபோதும் வேண்டாம். தெருவில் நுழைந்ததும் காதில் மூன்று தட்டு ஒலிக்கட்டும்.

இப்போதெல்லாம் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது, பக்கத்தில் இருப்பவர் காரின் கதவில் விரலால் மூன்று முறை தட்டுவது வழக்கமாகிவிட்டது. ஓட்டுபவரின் கால் தானாகவே மேலெழுகிறது.